பிளஸ் டூ வொக்கேஷனல் முடித்தவர்களுக்கு ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் உண்டு. உள்ளே ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மேசை. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு மாணவி இரும்புத் தண்டைக் கடைந்துகொண்டிருந்தாள். நிறுத்தினாள், வெர்னியரை வைத்து அளந்தாள். "இன்னும் அரை மில்லி போகணும் சார்" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு மறுபடி மெஷினை ஓட்டினாள். பிளஸ் டூ பாஸானதும் அவள் போன இடம் துணிக்கடை பில் கவுண்டர். இரண்டு வருடம் மெஷினில் பழகிய கை அது. அவளுக்காகத் திறந்திருந்த ஒரு வழியை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு ஓராண்டு தொழில் கற்கும் அப்ரண்டிஸ் பயிற்சிதான் அந்த வழி. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்வி (வொக்கேஷனல்) பிரிவும் வந்தது. அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், வேளாண் அறிவியல், செவிலியம், அலுவலக மேலாண்மை எனப் பல பாடங்கள். ஆனால் "மார்க் இல்லாதவங்க எடுக்கிற குரூப்" என்ற பேச்சு மட்டும் போகவில்லை. அந்தப் பிரிவில் படித்து வாங்கும் சான்றிதழுக்குச் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது. தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1961-ஆம் ஆண்டினுடையது. முதலில் ஐ.டி.ஐ. வகைத் தொழில்களுக்கு மட்டும். பிறகு பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் சேர்ந்தார்கள். 1986-இல் வந்த திருத்தம் பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவர்களையும் சேர்த்தது. 'டெக்னீஷியன் (வொக்கேஷனல்) அப்ரண்டிஸ்' என்பது அவர்களுக்கான பெயர். பயிற்சிக் காலம் ஓராண்டு.

பணம் எவ்வளவு? 2019-இல் திருத்திய விதிகள் இந்தப் பிரிவுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 7,000 ரூபாய் வைத்தன. நிறுவனம் விரும்பினால் கூடுதலாகத் தரலாம், குறைக்க முடியாது. நீங்கள் சேரும் ஆண்டில் நடப்பில் உள்ள தொகையை, மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸின் (NATS) இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இது சம்பளம் இல்லை, உதவித்தொகை. சட்டத்தின் கண்ணில் அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியுடையது. தொழிற்சாலையில் தொழிலாளிக்கு உள்ள உடல்நல, பாதுகாப்பு விதிகள் அப்ரண்டிஸுக்கும் உண்டு. இதை வீட்டில் உள்ள பெரியவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பயிற்சிக்கு வந்த பையன்தானே என்று கையுறை, கண்ணாடி தராமல் நிறுத்தினால் தைரியமாகக் கேட்கலாம்.

யார் எடுப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆக வேண்டும். மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு அது விருப்பம். இந்த இடங்கள் வொக்கேஷனலுக்கு மட்டுமானவை அல்ல, ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டதாரிகள் எல்லோரும் போட்டிக்கு நிற்பார்கள். நிறுவனங்கள் நம் பிள்ளைகளைத் தேடி வருவது அபூர்வம். நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

பதிவு நாட்ஸ் இணையதளத்தில். கட்டணம் ஒரு பைசா கிடையாது. "சேர்த்து விடுகிறேன், இரண்டாயிரம் கொடு" என்று யார் சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள். நம் பகுதிக்கான அலுவலகம் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம், தென் மண்டலம். ஆதார், மதிப்பெண் பட்டியல், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு இவற்றைத் தயாராக வையுங்கள். உதவித்தொகையில் அரசு தரும் பங்கு நேராக அந்தக் கணக்குக்குத்தான் வரும். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுவிடலாம். ரிசல்ட்டுக்கு முன்பே சரிபார்த்துவிடுவது நல்லது.

வயது விஷயத்தில் கவனம் வேண்டும். சட்டப்படி குறைந்தபட்ச வயது 14. ஆபத்தான தொழில்களுக்கு 18. பிளஸ் டூ முடிக்கும்போது பலருக்கு 17 தான் ஆகியிருக்கும். அவர்களின் ஒப்பந்தத்தில் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன் முழுசாகப் படியுங்கள். பயிற்சி எந்தப் பிரிவில், எவ்வளவு காலம், உதவித்தொகை எவ்வளவு என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். ஒப்பந்தமே இல்லாமல் "நாளையிலிருந்து வா" என்றால் அது அப்ரண்டிஸ்ஷிப் அல்ல, குறைந்த கூலிக்கு வேலை. பள்ளி நாட்களில் அனுப்பும் சில நாள் இன்டர்ன்ஷிப்பையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பார்த்து வருவது. இது ஓராண்டு உள்ளே நின்று கற்பது.

வொக்கேஷனல் எடுக்காதவர்களுக்கும் வேறொரு வாசல் உண்டு. பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். ஐ.டி.ஐ. படிக்காத புதியவர்களையும் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில்களில் அப்ரண்டிஸாக எடுக்கிறது. தேர்வு எழுத வேண்டாம், மதிப்பெண் வரிசைப்படிதான் அழைப்பார்கள். அறிவிப்பு வரும்போது கண்ணில் படுவதுதான் பாதி வேலை.

முடிந்ததும் வேலை கிடைக்குமா? உறுதி கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, வேலை தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை. சேரும் கடமை உங்களுக்கும் இல்லை. கையில் வருவது பயிற்சித் தேர்ச்சிச் சான்றிதழ். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அதைப் பணி அனுபவமாகப் பதியலாம். அப்புறம் படிக்க ஆசை வந்தால், தொடர்புடைய வொக்கேஷனல் பாடம் எடுத்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் மிச்சம். மெஷின் சத்தம் பழகிய பிள்ளைக்கு அந்த வகுப்பு அந்நியமாக இருக்காது.