காய்ந்த செம்மணலின் கெட்டியை நம்பாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மண் பரிசோதனைக்குக் குழி தோண்டும்போது வீட்டுக்காரர் யாராவது எட்டிப் பார்த்துவிட்டு, "செம்மண்தானே தம்பி, கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, இதுக்கு எதுக்கு டெஸ்ட்?" என்பார்கள். பெரீயா மேட்டிலும் பிளஃப் பக்கமும் அப்படித்தான் தோன்றும். ஆள் ஆழத்துக்கு வெட்டினாலும் குழியின் சுவர் செங்குத்தாக நிற்கும்.

அந்தக் கெட்டி தண்ணீர் படாதவரைதான். இந்த மண் ஒரு காலத்தில் காற்று குவித்த கடற்கரை மணல்மேடு. அதிலிருந்த சுண்ணாம்பு மழையில் கரைந்து போனது. சில கனிமங்கள் சிதைந்து களிமண்ணாயின. இரும்பு ஆக்சைடு பூச்சு சிவப்பு நிறத்தைத் தந்தது. பல இடங்களில் மணல் பருக்கைகள் நெருங்கி உட்காராமல், நடுவே நிறைய வெற்றிடத்தோடு, அந்தக் களியும் இரும்பும் போட்ட ஒட்டில் நிற்கின்றன. மேலே சுவரின் பாரம் இருக்க, கீழே தண்ணீர் இறங்கினால் ஒட்டு இளகிவிடும். பருக்கைகள் வெற்றிடத்துக்குள் சரியும். புதிதாக ஒரு செங்கல்கூட ஏற்றாமலே அஸ்திவாரம் இறங்கிவிடும்.

சல்லடைச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. 0.075 மி.மீ. சல்லடையில் பாதிக்கு மேல் தங்குவதால் இது மணல் வகை. களி கலந்திருந்தால் எஸ்.சி., வண்டல் கலந்திருந்தால் எஸ்.எம். என்று ரிப்போர்ட்டில் வரும். பயப்பட ஒன்றுமில்லாத பெயர்கள். ஆனால் அந்தச் சோதனைக்காக மண்ணை உடைத்து, கழுவி, உலர்த்திவிடுகிறோம். ஒட்டும் வெற்றிடமும் அங்கேயே போய்விட்டன. நன்றாகத் திமிசு போட்ட நிரப்பு மண்ணுக்கும் எஸ்.சி.தான், முதல் பெருமழையில் சரியப்போகும் மண்ணுக்கும் எஸ்.சி.தான். அந்த இரண்டு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலை மூடும் காண்ட்ராக்டரிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

இந்தச் சரிவை 1957இலேயே தென்னாப்பிரிக்கப் பொறியாளர்கள் ஜென்னிங்ஸும் நைட்டும் எழுதிவிட்டார்கள். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை இப்படி: குழியிலிருந்து மண்ணைக் கலையாமல் கட்டியாக வெட்டியெடுத்து, வளையத்தில் பொருத்தி, பாரத்தைப் படிப்படியாக 200 கிலோபாஸ்கல் வரை ஏற்றி, பிறகு தண்ணீர் ஊற்றுவோம். அந்த நேரத்தில் மண் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுமானியின் ஊசி காட்டுவதுதான் விஷயம். மண் கட்டியின் உயரத்தில் 1 சதவீதத்துக்குள் என்றால் கவலையில்லை. 5 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரம் போடக் கூடாது.

குழிக்குள் இறங்கியதும் ஈரம், நிறம், இறுக்கம், அமைப்பு, மண் வகை, மண் உருவான விதம் என்ற வரிசையில் எழுதுவது இந்நாட்டு வழக்கம். பாதி வேலை கையிலேயே முடிந்துவிடும். ஈரமான பொடிமண்ணை உள்ளங்கையில் வைத்து, மறுகையால் தட்டிப் பாருங்கள். மேலே நீர் மினுங்கி, விரல்களால் அமுக்கியதும் மங்கினால் வண்டல். மினுங்காமல், 3 மி.மீ. திரியாக உருட்டியும் உடையாமல் வந்தால் களி.

வீட்டு மனைக்கு இங்கே தனி வகைப்பாடு உண்டு. தண்ணீர் பட்டுச் சரியும் மண் சி வரிசை: எதிர்பார்க்கும் இறக்கம் 5 மி.மீ.க்குள் என்றால் சி, 10 வரை சி1, அதற்கு மேல் சி2. உப்பிச் சுருங்கும் களிக்கு எச் வரிசை, 30 மி.மீ.க்கு மேல் அசைந்தால் எச்3. பிளாக் டர்ஃப் என்கிற கரிசல் இதில் சேரும். விரிசலை வைத்தும் ஓரளவு ஊகிக்கலாம். ஒரு பருவத்தில் அகன்று மறு பருவத்தில் மூடி, இப்படியே மாறினால் களியின் வேலையாக இருக்கும். ஒரு மழைக்குப் பிறகு திடீரென்று வந்து அப்படியே நின்றுவிட்டால் சரிவைச் சந்தேகிக்கலாம்.

புது வீட்டுக்காவது ரிப்போர்ட் கேட்கிறார்கள். மகனுக்குக் கல்யாணம் என்று பழைய வீட்டின் பின்னால் இரண்டு அறை சேர்க்கும்போது யாரும் மண்ணைப் பார்ப்பதில்லை. புதுக் கூரையின் தண்ணீரெல்லாம் ஒரே பைப்பில் இறங்கி பழைய அஸ்திவாரத்தின் மூலையில் கொட்டும். அந்தத் தண்ணீரைத் தெருக் கால்வாய்க்குக் கொண்டுபோகும் செலவு, பிறகு அஸ்திவாரத்தைத் தாங்கிப்பிடிக்க ஆகும் செலவில் ஒரு துளி. சாய்வான மேட்டில் வீடு இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பகுதியின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டி, நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் பார்த்தோம்.

ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு வேறு சிக்கல். அங்கே பல இடங்களில் அடியில் டோலமைட் பாறை. தண்ணீரில் கரைந்து குகையாகும் பாறை அது. மேல்மண்ணைத் தோண்டி எவ்வளவு நல்ல மண் என்று எழுதினாலும் அடியிலுள்ள பொந்து தெரியாது. துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும். கசியும் குழாய்த் தண்ணீர் மேல்மண்ணைப் பொந்துக்குள் இழுத்துக்கொண்டு போவதால்தான் நிலம் திடீரென்று உள்வாங்கி, பெரும்பாலான குழிகள் விழுகின்றன. இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துவையுங்கள். காலையில் எண் மாறியிருந்தால் அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிடுங்கள்.