பூட்டிக் கிடக்குற வீட்டுல நீச்சல் குளம்

போன மாசம் காரைக்குடிகிட்ட பள்ளத்தூர் பக்கம் ஒரு வீட்டுக்கு கூப்பிட்டாங்க. பின்கட்டுல 20 அடிக்கு 10 அடி பூல், தண்ணி கீரை கடைஞ்சு ஊத்தின மாதிரி பச்சையா நிக்குது, ஓரத்துல குனிஞ்சு பார்த்தா கொசுப்புழு நெளியுது. மோட்டார் போடலையாண்ணேன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டா, கரண்டு பில் ஏறுதுன்னு மெட்ராஸ்ல இருந்து போன் பண்ணி நிறுத்தச் சொல்லிட்டாங்கன்னு சொல்றார். அந்தத் தெருவுல ரெண்டு பேருக்கு டெங்குன்னும் அவரே சொன்னார். அது இந்தப் பூல்ல இருந்துதான் வந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது, ஆனா டெங்கு கொசு பெரும்பாலும் சாக்கடையில முட்டை போடுறதில்ல, இந்த மாதிரி தேங்கி நிக்குற தண்ணியிலதான் போடும், முட்டை கொசுவாகி பறக்க எட்டுப் பத்து நாள் போதும்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான்னு 14 வருஷமா பூல் கட்டிப் பராமரிக்கிற வேலைதான் பாக்குறேன். நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து பூலுக்கு ஒரு தனி சிக்கல் இருக்கு. வருஷத்துல பத்து மாசம் வீடு பூட்டிக் கிடக்கும், அப்புறம் ஒரு கல்யாணம், ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி), பொங்கல், முன்னோருக்குப் படைக்கிற படைப்புன்னு வந்தா சிங்கப்பூர்ல இருந்து கோயம்புத்தூர்ல இருந்து எல்லாம் ஒரே நாள்ல 40 பேர் இறங்குவாங்க, அதுல பாதி பிள்ளைங்க. ஆள் இல்லாத மாசத்துல தண்ணி கெடுது, ஆள் நிறைஞ்ச நாள்ல பிள்ளைங்களுக்கு ஆபத்து. பூல் போடணும்னு யார் வந்தாலும் டைல்ஸ் கலர் பேசுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும்தான் பேசுவேன்.

முதல்ல தண்ணி. 20க்கு 10, ஆழம் 4 அடின்னா 800 கன அடி, சுமாரா 22,600 லிட்டர். வெயில் காலத்துல ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாச்சுன்னாலே 110 லிட்டர் போயிடும். போறது சுத்தமான தண்ணி, உப்பும் சுண்ணாம்பும் உள்ளயேதான் நிக்கும், அதுக்கு மேல நாம திரும்பவும் போர் தண்ணியைத்தான் விடுறோம், அதனால மாசா மாசம் கடினத்தன்மை ஏறிக்கிட்டே போயி டைல்ஸ் ஓரமா வெள்ளையா படியுது. காரைக்குடி சம்பை ஊத்துல வர்ற நல்ல தண்ணி மாதிரி எல்லா வீட்டு போர்லயும் வராது, அதனால தண்ணியை டெஸ்ட் பண்ணாம வேலையை ஆரம்பிக்கவே விட மாட்டேன். மழைத் தண்ணியை வளவுல (வீட்டு நடு முற்றத்துல) பிடிச்சு வச்ச ஊரு இது, ஓட்டுல இருந்து வர்ற தண்ணியை வடிகட்டி பூலுக்கு விட்டா கடினத்தன்மை நல்லாவே குறையும்.

ஆவியாகுதா ஒழுகுதான்னு சந்தேகம் வந்தா பூல் தண்ணியையே ஒரு வாளியில எடுத்து பூல் படியில வைங்க, வாளிக்குள்ளயும் பூல்லயும் மட்டத்தை குறிச்சுக்கிட்டு மறுநாள் பாருங்க. ரெண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தா ஆவி, பூல் மட்டும் கூட இறங்கியிருந்தா ஒழுகல்.

குளோரின்ல தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. தண்ணியில 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்குதான் 1 பிபிஎம்) இருக்கணும், பிஎச், அதாவது தண்ணியோட அமில காரத் தன்மையைச் சொல்ற அளவு, 7.2ல இருந்து 7.8க்குள்ள நிக்கணும். பிஎச் 8 தாண்டிடுச்சுன்னா நீங்க எவ்வளவு குளோரின் போட்டாலும் அதுல கிருமியைக் கொல்ற பங்கு கால்வாசிக்கும் கீழ போயிடும், அது தெரியாம மூட்டை மூட்டையா ப்ளீச்சிங் பவுடர் கொட்டுவாங்க, அந்தப் பவுடரே பிஎச்சை இன்னும் ஏத்தும், சுண்ணாம்பையும் கூட்டும். கணக்கு என்னன்னா 1 பிபிஎம்முக்கு 1000 லிட்டருக்கு 1 கிராம் குளோரின், அப்போ நம்ம 22,600 லிட்டருக்கு 23 கிராம், 30 சதவீத பவுடர்னா 75 கிராம் போதும். பழைய பவுடர்ல வீரியம் இருக்காது, அதையும் பாத்துக்கங்க. கண்ணு சிவக்குது, குளோரின் வாடை தூக்குதுன்னா குளோரின் ஜாஸ்தின்னு எல்லாரும் நினைக்கிறாங்க, பெரும்பாலும் அது வேர்வையும் சிறுநீரும் குளோரினோட சேர்ந்து உண்டாகுற வாடை. பிள்ளைங்களை குளிப்பாட்டி கழிவறைக்கு அனுப்பிட்டு இறக்குனாலே பாதி குறைஞ்சிடும்.

உப்பை கரண்ட் விட்டுப் பிரிச்சு குளோரின் எடுக்குற மெஷினும் இருக்கு. சிக்ரின்னு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே இருக்குற காரைக்குடிக்காரங்களுக்கு மின்வேதியியல் நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா பூட்டின வீட்டுக்கு நான் அதை சிபாரிசு பண்றதில்ல, அதோட செல்லை (உப்பைப் பிரிக்கிற தகடுகளை) அப்பப்போ சுத்தம் பண்ண ஆள் வேணும்.

ஒண்ணு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு கேக்குறேன், பிஎச்சைக் குறைக்க ஊத்துற ஆசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில கலக்காதீங்க, ஒரே அலமாரியில கூட வைக்காதீங்க. ஒரு வீட்டுல வேலைக்காரத் தம்பி ரெண்டையும் ஒண்ணா ஊத்தி, கிளம்பின கேஸ்ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டான், ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தான். அதே மாதிரி, தண்ணியில தான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணியை ஊத்தக் கூடாது.

வீடு பூட்டுற காலத்துலயும் தினம் நாலு மணி நேரமாவது மோட்டார் ஓடணும், வாரம் ஒரு நாள் வாட்ச்மேன் குளோரின் பாக்கணும், அவருக்கு டெஸ்ட் கிட் எப்படி பாக்குறதுன்னு நான் உக்காந்து சொல்லிக் கொடுத்துட்டுத்தான் வருவேன். தண்ணியை வடிச்சுட்டு போயிடலாம்னு நினைக்காதீங்க, ஐப்பசி கார்த்திகை மழையில நிலத்தடி நீர் ஏறினா காலி ஃபைபர் தொட்டி அப்படியே மேல தூக்கிக்கும். தளர்வா கிடக்குற கவரும் வேணாம், அது மேலயும் தண்ணி தேங்கும், பிள்ளை கால் வச்சா உள்ள சுருட்டிக்கும்.

ஆத்தங்குடி கல்லு பூலைச் சுத்திப் போடணும்னு கேக்காத ஆளே இல்ல. எனக்கும் அந்தக் கல்லு உசுரு, ஆனா அது சிமெண்ட் கல்லு, ஆசிட் தெறிச்சா அரிச்சிடும், கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்குறது ஈரக் காலுக்கு வழுக்கும். அது வளவுலயே இருக்கட்டும், பூல் ஓரத்துக்கு சொரசொரப்பான கல்லு போடுங்க.

இப்போ பிள்ளைங்க விஷயம். ஆறு வருஷம் முன்னாடி ஒரு வீட்டுல சாந்தி, மோட்டார் சத்தம் போடுதுன்னு கூப்பிட்டதால நானும் அங்க இருந்தேன். பந்தி நடக்குது, மேளம் வாசிக்குது, பின்கட்டுல மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்னு பேசிட்டு இருந்தாங்க. நாலு வயசுப் பையன் தண்ணியில விழுந்துட்டான், அவ்வளவு பேர்ல ஒருத்தருக்கும் தெரியல. கத்தல் இல்ல, கை கால் அடிச்சு தண்ணி தெறிக்கல, முகம் ஒரு தடவை மேல வந்துச்சு, அவ்வளவுதான். பாத்திரம் கழுவ வந்த அக்கா பாத்து குதிச்சாங்க. பையன் பிழைச்சுட்டான். எல்லாரும் இருந்தோமேன்னு அந்த வீட்டு ஆச்சி அழுதாங்க, எல்லாரும் இருந்ததாலதான் ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் பாத்துக்குவாங்கன்னு விட்டுட்டோம்னு எனக்கு அப்போதான் உறைச்சது.

அதனால இப்போ நாலு பக்கமும் 4 அடி வேலி இல்லாம நான் தண்ணி நிரப்புறதில்ல. காம்பவுண்டு சுவர் இருக்கேம்பாங்க, அது வெளி ஆளுக்கு, நம்ம பிள்ளை வர்றது அடுப்படி வாசல் வழியா. கதவு தானா மூடி தானா தாழ் விழணும், தாழ் மட்டும் சின்னப் பிள்ளை கைக்கு எட்டாம, வேலியை விட உசரமா அஞ்சடியில இருக்கணும். ஆழம் 4 அடி போதும், டைவ் அடிக்க 7 அடி கேட்டா நான் ஒத்துக்குறதில்ல. அடியில தண்ணி உறிஞ்சுற வாய் ஒண்ணு மட்டும் வைக்காதீங்க, 3 அடி தள்ளி ரெண்டு வைங்க, தலைமுடி மாட்டாத மூடி போடுங்க. 2002ல அமெரிக்காவுல ஒரு ஏழு வயசுப் பொண்ணை அந்த உறிஞ்சல் அடியிலயே பிடிச்சு வச்சு செத்துப் போச்சு, அவ பேர்லயே 2007ல அங்க சட்டம் வந்துச்சு. நம்ம பொண்ணுங்களுக்கு நீள முடி, கொண்டை போட்டு கட்டிட்டுத்தான் இறங்கணும். லைட்டு 12 வோல்ட், லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்), இதுல காசு பாக்காதீங்க.

மூச்சு பேச்சில்லாம தூக்கினா தலைகீழா தூக்கி சுத்தாதீங்க, வயித்தை அமுக்காதீங்க. 108க்கு ஒருத்தர் போன் பண்ணட்டும், இன்னொருத்தர் உடனே வாயோட வாய் வச்சு மூச்சு குடுங்க, அப்புறம் 30 தடவை நெஞ்சை அமுக்கி 2 மூச்சு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாம. வீட்டுக்கு ரெண்டு பேராவது இதை முறையா கத்துக்கணும், கத்துக்கிட்டீங்களான்னு கேட்டுட்டுத்தான் நான் சாவியைக் குடுப்பேன்.

அந்த சாந்தி வீட்டு ஆச்சி ஒரு விசில் வாங்கி பூல் கதவுலயே மாட்டி வச்சிருக்காங்க. விசில் யார் கழுத்துல இருக்கோ அவங்க போன் பாக்கக் கூடாது, பேச்சு குடுக்கக் கூடாது, கண்ணு தண்ணியில மட்டும்தான். போன வைகாசியில அங்க கல்யாணம், 40 பேருக்கு மேல இருந்தாங்க. காலேஜ் படிக்கிற பேத்தி அரை மணி நேரம் அந்த விசிலைப் போட்டு நின்னுட்டு, அவங்க சித்தப்பாவைக் கூப்பிட்டு அவர் கழுத்துல மாட்டிட்டுத்தான் பந்திக்குப் போச்சு.