மயிர்ச்செல்

முப்பது ஆண்டுகள் தறி இரைச்சலில் வேலை பார்த்த மாமாவைப் பெங்களூரு அல்சூரிலிருந்து செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். பரிசோதித்த பெண் "ஹேர் செல் போய்விட்டது" என்றார். மாமா விழிப்பதைப் பார்த்து, கன்னடத்தில் 'கூதலு' என்று சொல்லித் தன் தலைமுடியைத் தொட்டுக் காட்டினார். வெளியே வந்ததும் மாமா கேட்டார்: "முடிதானே மாப்பிள்ளை, மறுபடி முளைக்காதா?"

அவர் மேல் தவறில்லை, பெயர்தான் அப்படி. உள்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 ஹேர் செல்கள், அதாவது மயிர்ச்செல்கள், உள்ளன. ஒவ்வொன்றின் உச்சியிலும் படிக்கட்டுபோல் உயரம் கூடும் நுண்ணிழைக் கற்றை. ஒலியதிர்வில் கற்றை சாயும்போது, இழை நுனிகளைப் பிணைக்கும் மெல்லிய நூல் இழுபட்டு ஒரு நுண்வாசல் திறக்கிறது. பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. நரம்புக்குச் சேதி போகிறது. நுண்ணோக்கியில் மயிராகத் தெரிந்ததால் வந்த பெயர் இது. தலைமயிர் உயிரற்ற கெரட்டின் புரதம். இதுவோ ஆக்டின் என்ற புரதம் நிரம்பிய, உயிருள்ள செல்லின் நீட்சி. மயிர்க்கால் கிடையாது.

தமிழில் எதைச் சொல்வது? 'முடிச்செல்' வேண்டாம். முடிதல் என்றால் கட்டுதல். முடிந்த கூந்தலுக்கும் மகுடத்துக்கும் அதுவே பெயர். மெல்லிய தனி இழைக்கு மயிர்தான் பொருந்தும். மயிர்க்கூச்சு, மயிரிழை என்று தயங்காமல் எழுதுகிறோம். வசைச்சொல்லாகிவிட்டதே என்று இங்கே மட்டும் கூச வேண்டாம். கலம் என்றே செல்லைச் சொல்லிப் பழகிய இலங்கைத் தமிழர்க்கு இது மயிர்க்கலம்.

இனி மாமாவின் கேள்வி. கருவிலேயே ஏட்டோ1 என்ற மரபணு சில செல்களை மயிர்ச்செல்லாக மாற்றுகிறது. அப்படி மாறியது, 'நீ ஆகாதே' என்று பக்கத்துச் செல்லைத் தடுக்கிறது. தடுக்கப்பட்டது, மயிர்ச்செல்லைத் தாங்கும் தாங்குசெல்லாக நிற்கிறது. மனிதருக்கு இந்த வேலை பிறக்கும் முன்பே முடிந்துவிடும். பறவைகளுக்கு அப்படியில்லை: மயிர்ச்செல் செத்தால் தாங்குசெல் தானே உருமாறியோ இரண்டாகப் பிரிந்தோ அந்த இடத்தை நிரப்பும். 1988இல் கோழிக்குஞ்சிலும் காடையிலும் இதைக் கண்டார்கள். பிறந்த எலிக்குட்டிக்கும் இந்தத் திறன் கொஞ்சம் உண்டு; சில நாட்களில் போய்விடும். ஏட்டோ1ஐ மறுபடி தூண்டுவது, அந்தத் தடையை நீக்குவது என்று ஆய்வுகள் நடக்கின்றன. உருமாறினால் மட்டும் போதாது. நரம்போடு இணையவும் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

தாங்குசெல்லைப் பற்றி மாமாவிடம் சொன்னேன். "ஆள் இருக்கிறான், வேலைக்கு வரமாட்டேன் என்கிறான்" என்றார். இப்போதைக்குச் செவிக்கருவி பொருத்தியிருக்கிறோம்.