நாய் கடித்தால் அன்றைக்கே கிளம்புங்கள்

1995-இல் வந்த ‘12 மங்கீஸ்’ படத்தில் ஒரு வைரஸ் 500 கோடிப் பேரைக் கொன்றுவிடுகிறது. மிஞ்சியவர்கள் பூமிக்கடியில் வாழ்கிறார்கள். புரூஸ் வில்லிஸைக் கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள், ஆனால் சாவைத் தடுக்க அல்ல. நடந்ததை மாற்ற முடியாது. வைரஸைப் பற்றித் தகவல் கிடைத்தால் மருந்து கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்தான் நினைவுக்கு வரும். இந்த நோயில் கால இயந்திரம் தேவையே இல்லை. கடித்த பிறகும் நமக்கு அவகாசம் இருக்கிறது.

வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். முகத்திலோ கழுத்திலோ கடித்தால் சீக்கிரமே ஏறிவிடலாம். அதற்குள் தடுப்பூசி போட்டால் பிழைக்கலாம். தண்ணீரைக் கண்டு மிரளத் தொடங்கிவிட்டால், அப்புறம் எந்த டாக்டர் கையிலும் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் காயத்தில் காபித்தூளையோ சுண்ணாம்பையோ அப்பிக்கொண்டு வருகிறார்கள். குழாயடியில் காலை நீட்டச் சொல்லி சோப்புப் போட்டுக் கழுவுவோம். பழுப்புத் தண்ணீர் ஓடி அடங்கிய பிறகுதான் பல் பதிந்த குழி கண்ணுக்குத் தெரியும். ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதை வீட்டிலேயே செய்துவிட்டு வாருங்கள். கட்டுப் போட வேண்டாம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை அதுதான் காவல். குட்டி நாய், பூனை, குரங்கு, எது கடித்தாலும் இப்படித்தான்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் பெரியவர்களிடம் இன்னும் போகவில்லை. சிம்ஸ் பூங்கா எதிரே 1907 முதல், வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்றே தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கும் ஊரிலேயே இந்த நிலை என்பது எனக்கு வருத்தம்தான். அந்தப் பழைய ஊசி இப்போது நாட்டிலேயே கிடையாது. அரசு மருத்துவமனையில் கையில், தோலுக்குள்தான் போடுகிறோம், இலவசமாக. கடித்த அன்று, 3, 7, 28-ஆம் நாட்கள்.

ஆறின காயத்துக்கு எதற்கு ஊசி, ஒருநாள் கூலி போகுமே என்று கடைசி ஊசியை விட்டுவிடுகிறார்கள். மேஸ்திரிமார்களே, அந்த நாலு நாளும் சம்பளம் பிடிக்காமல் அவர்களை அனுப்பிவையுங்கள்.