ரிப்பீட்: மீள்பயில்வு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் நாள்தோறும் புழங்கும் சொல் ‘ரிப்பீட்’. தேறாத பாடத்தை மறுபடி பதிந்து, விரிவுரை, இடுபணி, தேர்வு அனைத்தையும் முதலிலிருந்து முடிப்பதையே அது குறிக்கிறது. தேர்வை மட்டும் திரும்ப எழுதுவது வேறு. அதற்கு மறுதேர்வு என்ற தெளிவான சொல் நம்மிடம் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் பெற்றோர், “ஒரு தாள்தானே, எழுதிட்டு வாம்மா” என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைக்கோ 14 வார உழைப்பு காத்திருக்கிறது.

இலத்தீனில் ‘ரெ’ என்பது மீண்டும். ‘பெதெரே’ என்பது ஒன்றை நாடிச் செல்லுதல். ஆகவே இச்சொல்லின் வேரில் தோல்வி இல்லை, மறுபடி நாடுதலே இருக்கிறது. மலாயில் ‘மறுபடி செய்தல்’ என்ற பொருளில் வழங்கும் ‘ஊலாங்’ என்பதும் அப்படித்தான். பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் பெர்ரி போய்வருவதை ‘ஊலாங் அலிக்’ என்கிறோம். தேறாத பாடத்தைத் தமிழ்நாட்டு மாணவர் சொல்லும் ‘அரியர்’ மட்டும், ‘பின்னால்’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, கட்டத் தவறிய பணத்தைக் குறித்து நின்றது. அதற்கு நேரான ‘நிலுவை’ கணக்குப் புத்தகத்துக்குப் பொருந்தும். படிக்கும் பிள்ளையைக் கடன்காரராக்கும் சொல்லை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாணவி தன் கைப்பேசியில் தேர்வு முடிவைக் காட்டி, “நான் ஃபெயில் சார்” என்றார். புள்ளியியல், 3 கிரெடிட், தரம் ‘டி’. அது வேறு இரண்டு பாடங்களுக்கு முன்தேவைப் பாடம், அதாவது அவற்றைப் பதியுமுன் தேறியிருக்க வேண்டிய பாடம் என்பதையும், அவ்விரண்டும் ஆண்டுக்கு ஒருமுறையே நடத்தப்படுகின்றன என்பதையும் ஒரு தாளில் அம்புக்குறியிட்டு வரைந்து பார்த்த பிறகுதான், எதை முதலில் பதிந்தால் பட்டமளிப்பு தள்ளிப்போகாது என்பது அவருக்குப் புலப்பட்டது. பல பல்கலைக்கழகங்களில் இருமுறை பெற்றவற்றுள் சிறந்த தரமே ‘சிஜிபிஏ’ எனப்படும் ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரிக் கணக்கில் சேர்வதால், 2.00 எல்லைக்குக் கீழே இறங்கியவர் மேலேறவும் பாடத்தை மறுபடி படிப்பதே வழி. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், சற்றே குறைந்த தரம் பெற்றவர்கள் அப்பாடத்தை நீண்ட விடுமுறையின் சில வாரங்களிலேயே மறுபடி படித்துவிடும் ஏற்பாடு உண்டு.

இத்தனைக்கும் பொருந்தும் தமிழ்ச் சொல் ‘மீள்பயில்வு’. ‘மீள்’ என்னும் வினைக்குத் திரும்பி வருதல் என்ற பொருளும் உண்டு, இடரிலிருந்து விடுபடுதல் என்ற பொருளும் உண்டு. ‘மீட்சி’, ‘மீட்பு’ ஆகியவை அதிலிருந்து பிறந்தவையே. நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நாள்பாடத் திட்டத்தில், நடத்திய பாடத்தை எண்ணிப் பார்க்கும் பகுதிக்குச் ‘சிந்தனை மீட்சி’ என்று எழுதிப் பழகியவர்களாதலால், இச்சொல் இங்கு எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது. ‘மறுபயில்வு’ என்றாலும் பிழையில்லை, ஆனால் ‘மறு’ என்பதில் விடுபடும் பொருள் இல்லை. மீள்பயில் பாடம், மீள்பயில்வுப் பதிவு, மீள்பயில்வோர் எனத் தேவைக்கேற்ப இதனைக் கிளைக்கவும் செய்யலாம். படித்ததையே தேர்வுக்கு முன் திருப்பிப் பார்க்கும் ‘மீள்பார்வை’யோடு மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது.