பிறழ் சாட்சி

போலீசிடம் ஒன்று சொல்லிவிட்டு, கோர்ட்டில் அதை மறுப்பவரை வக்கீல்கள் ‘ஹாஸ்டைல் ஆயிட்டாங்க’ என்பார்கள். செய்தித்தாளில் அவர் ‘பிறழ் சாட்சி’. தலைப்பு எழுதுபவருக்குக் கை துறுதுறுத்தால் ‘சாட்சி பல்டி’.

‘பிறழ்’ பழைய சொல். நீரில் கயல் பிறழும் என்று பாட்டுகளில் வரும். புரண்டு மின்னுவதைச் சொன்ன சொல், முறை மாறுவதற்கும் வழுவுவதற்கும் விரிந்தது: சொல் பிறழாதவர், மனப்பிறழ்வு. பல்டியும் புரள்வதுதான், ஆனால் அதில் கேலி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘சாட்சி’ வடசொல், கண்ணோடு இருந்தவர், அதாவது நேரில் பார்த்தவர். நம்மிடம் ‘கரி’ என்ற சொல் இருந்தது. ‘இந்திரனே சாலுங் கரி’ என்கிறது குறள். இன்று கரி என்றால் அடுப்புதான் நினைவுக்கு வரும், விட்டுவிடலாம். தனித்தமிழ் வேண்டுவோருக்குப் ‘பிறழ் சான்றாளர்’ போதும்.

ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தால் ‘பகைச் சாட்சி’. வேடிக்கை என்னவென்றால், 1872 இந்திய சாட்சியச் சட்டத்தின் 154ஆம் பிரிவில் பகை என்ற பேச்சே இல்லை. ஒரு தரப்பு தான் அழைத்த சாட்சியையே குறுக்கு விசாரணை போலக் கேள்வி கேட்க நீதிபதி அனுமதிக்கலாம், அவ்வளவுதான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 157ஆம் பிரிவு. பகை என்பது இங்கிலாந்து வழக்காடலிலிருந்து நம் வக்கீல்கள் வாய்க்கு வந்த பேச்சு.

இந்தப் பகை எவ்வளவு பொருந்தாதது என்பது போக்சோ வழக்குகளில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில்தான் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் தெரிந்தவர்: சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் மாஸ்டர். சில வீடுகளில் சோறு போடுபவரே அவர்தான். எட்டு வயதில் நடந்ததைப் பத்து வயதில் கோர்ட்டில் சொல்ல வேண்டும். அதற்குள் ‘அவர் ஜெயிலுக்குப் போனா நாம எங்க போறது’ என்று வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று குழந்தை சொல்லிவிடும். அது யாருக்குப் பகை?

2012 போக்சோ சட்டம் இதை ஊகித்தே எழுதப்பட்டது. வழக்கைக் கோர்ட் ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், கூடுமானவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக்கூடாது. வக்கீல்களின் கேள்வி நீதிபதி வழியாகத்தான் போக வேண்டும். எல்லாம் சரி, அந்த 30 நாள் கெடு பல மாதங்களாக இழுத்தால் அந்த இடைவெளியில்தான் சமரசப் பேச்சு நுழைகிறது. மாஜிஸ்திரேட்டிடம் முன்பே தந்த வாக்குமூலம் இருக்கிறதே என்பீர்கள். அது கோர்ட்டில் சொல்வதை உரசிப்பார்க்கத்தான் உதவும், தனியாக நின்று தண்டனை வாங்கித் தராது.

பிறழ்ந்தாலே வழக்கு செத்தது என்றும் இல்லை. அப்படிப்பட்டவரின் சாட்சியம் முழுக்க அழிந்துவிடாது, நம்பத்தக்க பகுதியை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976இலேயே சொல்லிவிட்டது.

செய்தி எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘சிறுமி பல்டி’ வேண்டவே வேண்டாம். ‘சிறுமி பிறழ் சாட்சியானார்’ என்பதைவிட ‘சிறுமியின் சாட்சியம் பிறழ்ந்தது’ மேல். யார் பிறழவைத்தார்கள் என்று கேட்க அந்த வாக்கியத்தில் இடமிருக்கிறது.