நிலாவில் காவடி எடுத்து ஆடினால்

டர்பன் கடற்கரை நடைபாதையில் காலையில் வேகநடை போடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். வேகம் மணிக்கு 7 கிலோமீட்டரை எட்டியதும் யாரும் சொல்லாமலே நடை ஓட்டமாகிவிடும். காரணம் புவியீர்ப்பு. நடக்கையில் ஊன்றிய கால் விறைப்பாக நிற்க, உடல் அதன்மேல் வளைவாக ஏறி இறங்குகிறது. அந்த வளைவை விட்டு உடல் கிளம்பாமல் ஈர்ப்பு பிடித்து வைக்கிறது. வேகம் கூடினால் அந்தப் பிடி போதாது, பாதம் தரையை விட்டு எழும்பும்.

நிலாவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு. கணக்குப்படி, அங்கே மணிக்கு 3 கிலோமீட்டரிலேயே நடை முடிந்துவிட வேண்டும். வளைந்து பறந்து உள்ளே நிலாவின் ஈர்ப்பைப் போன்ற நிலையை உண்டாக்கும் விமானங்களில் சோதித்தபோது ஏறத்தாழ 5 வரை நடக்க முடிந்தது. வீசும் கைகால்கள் உடலைச் சற்றுக் கீழே அழுத்துகின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். காற்றடைத்த விறைப்பான உடையும் சேர்ந்துகொள்ள, நிலாவில் இறங்கிய அப்பல்லோ வீரர்கள் பெரும்பாலும் துள்ளித் துள்ளியே போனார்கள்.

சரி, எடை குறைந்தால் எல்லாமே சுலபம்தானே? இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். தைப்பூசத்தில் 18 கிலோ காவடியைத் தோளில் வைத்துச் சுழன்று ஆடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். நிலாவில் அது தோளில் 3 கிலோபோலத்தான் அழுத்தும். ஆனால் காவடியின் நிறை, அதாவது அதிலுள்ள பொருளின் அளவு, குறையவில்லை. சுழற்சியை நிறுத்த இங்கே எவ்வளவு விசை வேண்டுமோ, அங்கேயும் அவ்வளவு வேண்டும். அந்த விசையைப் பாதத்துக்குத் தருவது தரையின் உராய்வு. உராய்வோ எடையைப் பொறுத்தது, அதனால் அதுவும் ஆறில் ஒன்றாகிவிடுகிறது. ஆடுகிறவர் நின்றுவிட நினைப்பார், கால் வழுக்கிக்கொண்டே போகும்.

1969-ல் விண்வெளி வீரர் பஸ் ஆல்ட்ரின் நிலாவில் கேமரா முன் நடந்து காட்டியபோது இதையே விளக்கினார்: பாதங்களை உடலுக்கு நேர்கீழே கொண்டுவரவே சில சமயம் இரண்டு மூன்று எட்டு தேவைப்படுகிறது. 1972-ல் அப்பல்லோ 16-இன் சார்லஸ் டியூக் உயரத் தாவிப் பார்த்தார். முதுகிலிருந்த உயிர்காப்புப் பெட்டி பின்னுக்கு இழுக்க, மல்லாந்து விழுந்தார். அந்தப் பெட்டி உடைந்திருந்தால் உயிரே போயிருக்கும். மெதுவாக விழுகிறோம் என்பதால் அடி படாது என்று நம்பிவிடக் கூடாது.

செவ்வாயில் ஈர்ப்பு 38 சதவீதம். அதே கணக்கில் மணிக்கு 4 கிலோமீட்டருக்கு மேலும் நடக்கலாம். அங்கே போகிறவர்கள் நம்மைப் போலவே நடப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். திரும்பவும் நிற்கவும் மட்டும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.